உண்ணிச்செடிக்கும் காட்டுமாட்டுக்கும் நடுவே ஒரு சின்னான்

மார்கழியில் ஒரு நாள், காலை ஆறரை மணி இருக்கும். ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில், காய் உலர்த்தும் களத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு இறங்கும் மண் பாதை. முன்னால் போய்க்கொண்டிருந்த காவல்காரர் சட்டென்று கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தார்.

"அப்படியே நில்லுங்க சார். மாடு நிக்குது."

முப்பது நாற்பது அடி தள்ளி, மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பனிக்குள் ஒரு கரும்பாறை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பாறை காதை ஆட்டியது. அப்புறம்தான் கால்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை, பள்ளிக்கூடத்துப் பையன் சாக்ஸ் போட்ட மாதிரி.

"காட்டெருமைங்களா அண்ணா?"

"எருமைன்னா சேத்துல ஊறிக் கிடக்கணும் சார். இது அப்படிக் கிடந்து யாராச்சும் பாத்திருக்காங்களா? இது மாடு."

அவர் சொன்னது உயிரியல்படியும் சரி. செய்தித்தாளில் 'காட்டெருமை' என்றும், ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் வாயில் 'பைசன்' என்றும் வருகிற இந்த விலங்கு எருமையும் இல்லை, அமெரிக்காவின் பைசனும் இல்லை. நம் வீட்டுப் பசுவும் காளையும் இருக்கும் அதே 'பாஸ்' பேரினத்தைச் சேர்ந்தது. வடகிழக்கு மாநிலங்களில் வளர்க்கும் மிதுன் மாடு இதற்கு மிக நெருங்கிய சொந்தம். எருமை வேறு கிளை. பழந்தமிழில் இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே இதன் பெயர் ஆமா, ஆமான். 'ஆ' என்றால் பசு. திருமுருகாற்றுப்படையின் முடிவில் பழமுதிர்சோலை மலையில் அருவி விழுகிற இடத்தைப் பாருங்கள். பலாச்சுளை சிதறுகிறது, மிளகுக்கொடி சாய்கிறது, மயில்கள் வெருள்கின்றன, கோழிப் பேடை விலகி ஓடுகிறது, பன்றியும் கரடியும் பாறை இடுக்கில் ஒடுங்குகின்றன, ஆமா ஏறு முழங்குகிறது. கரடியைத் தள்ளிவிட்டால் இது இன்றைய ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் கணக்கெடுப்பு மாதிரியே இருக்கிறது. பறவையையும் குளம்புக்காலியையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பார்வையை நாம் எங்கேயோ விட்டுவிட்டோம். இப்போது பறவை பார்க்கிறவர்கள் தனி, 'மாடு இறங்கிடுச்சு' என்று வனத்துறைக்குப் போன் போடுகிறவர்கள் தனி.

இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், அந்த மாடு அன்று காலை தோட்டத்தில் ஏன் நின்றது என்பதற்கு முழுப் பதில் கிடைக்காது.

எல்லோரும் சொல்கிற பதில், 'காட்டில் தீனி இல்லை' என்பது. பாதி உண்மை. சேர்வராயன் மலையில் மழைக்குக் குறை இல்லை. கீழே சேலத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை என்றால், மேலே ஏற்காட்டில் ஏறத்தாழ 1,500. பச்சைக்கும் பஞ்சமில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பாருங்கள், இரண்டு பக்கமும் பச்சைதான். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி மாடு வாய் வைக்காத பச்சை. பெயர் உண்ணிச்செடி.

சிவப்பும் மஞ்சளும் கலந்த சின்னச் சின்னப் பூங்கொத்து, கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி, முள் தண்டு. சேலத்தில் வேலியோரம் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். இது வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் இலையில் இருக்கும் நச்சு கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும். தின்ற மாட்டுக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். ஆகவே மேய்கிற விலங்குகள் ஒதுங்கிப் போகின்றன. ஒதுங்க ஒதுங்க, அது புல் இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. புதர் ஆள் உயரத்துக்கு மூடிவிட்டால் கீழே வெளிச்சம் விழாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் புல் முளைக்காது.

சரி, இதை மலை முழுக்க நட்டது யார்? சின்னான்.

கொண்டைக்குருவி என்றால் இன்னும் பலருக்குப் புரியும். கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கருங்கொண்டையும் வைத்துக்கொண்டு, ஏற்காட்டில் ஓட்டல் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து உட்காரும் செம்மீசைச் சின்னானைச் சொல்கிறேன். உண்ணிச்செடியின் கருநீலப் பழம் மிளகு அளவுதான், சின்னான் வாய்க்கு அளந்து செய்தது போல இருக்கும். தின்றுவிட்டுப் பறக்கும், எங்கே உட்காருகிறதோ அங்கே எச்சத்தோடு விதை விழும். மைனாவும் இதே வேலையைச் செய்கிறது. காட்டுத் தீ எரிந்த சரிவு, சாலை அகலப்படுத்த வெட்டிய மேடு, மரம் எடுத்த வெற்றிடம், இப்படி வெளிச்சம் விழும் இடமெல்லாம் விதைக்குத் தோது. ஒவ்வொரு கோடையிலும் மலைச்சரிவில் தீப்பிடிக்கிறது. தீ புல்லையும் இளங்கன்றுகளையும் கருக்கிவிட்டுப் போகும். உண்ணிச்செடியோ அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த மழையில் முந்திக்கொள்வது அதுதான்.

சின்னான் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தன மரத்துக்கும் அதுவே தபால்காரன். சந்தனப் பழத்தைத் தின்று விதையை வேலியோரப் புதரில் போடுவது சின்னானும் குயிலும் குக்குறுவானும்தான். சந்தனக் கன்றுக்குப் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சினால்தான் வளர்ச்சி. வெட்டவெளியில் விழுந்த விதையைவிடப் புதருக்குள் விழுந்த விதை பிழைப்பது அதனால்தான். நல்ல மரம், கெட்ட செடி என்றெல்லாம் பறவைக்குப் பிரிக்கத் தெரியாது. பழம் வாய்க்கு அடங்குகிறதா, அவ்வளவுதான் அதன் கணக்கு.

வாய்க்கு அடங்காத பழங்களும் காட்டில் உண்டு. அங்கேதான் குளம்புக்காலிகள் வருகின்றன.

மலை நெல்லியை எடுத்துக்கொள்வோம். உள்ளே கல் போன்ற கொட்டை, சின்னானுக்குச் சரிப்படாது. மரத்தடியில் உதிரும் நெல்லியைப் புள்ளிமான் முழுதாக விழுங்கும். மானுக்கும் மாட்டைப் போலவே வயிற்றில் நாலு அறை. அவசர அவசரமாக மேய்ந்து முதல் அறையை நிரப்பிக்கொண்டு, புலி சிறுத்தை பயம் இல்லாத இடமாகப் பார்த்துப் படுத்து, உணவை வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். சதையெல்லாம் கரைந்துவிட்ட நெல்லிக் கொட்டை அப்போது பல்லில் தட்டுப்படும். துப்பிவிடும். தான்றிக்காய்க்கும் இதே கதைதான். புழுக்கையில் தேடினால் இந்த விதை கிடைக்காது, மான் படுத்து எழுந்த இடத்தில்தான் கிடைக்கும். தாய்மரத்திலிருந்து தள்ளி, சதை நீங்கி, சுத்தமாக, கொஞ்சம் வெட்டவெளியில். நாற்றங்கால் போடுகிறவர் செய்வதும் இதுதானே.

கேளையாட்டுக்கும் சருகுமானுக்கும் காட்டில் இந்த வேலை உண்டு. சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொம்பு கிடையாது, பகலில் கண்ணிலேயே படாது. கேளையாட்டை ஆடு என்று சொன்னாலும் அது மான். நாய் குரைப்பது போலக் குரல் கொடுக்கும். பெயர் விஷயத்தில் நாம் தாராளம்தான். கொம்பு விஷயத்திலும் அப்படியே. மாட்டுக் கொம்பு மண்டை எலும்பின் மேல் உறை போல வளர்வது, ஆயுள் முழுக்க இருப்பது, ஒடிந்தால் ஒடிந்ததுதான். மான் கொம்பு வெறும் எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து, தோல் போர்த்திய பிஞ்சாக மறுபடி முளைக்கும். இந்த இரண்டையும் நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். விழுந்த மான் கொம்பைச் சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி கொறிக்கும். அதைப் பொறுக்கி வீட்டில் மாட்டி வைப்பது சட்டப்படி குற்றம். 'சும்மா கிடந்தது சார்' என்ற சமாதானம் அங்கே செல்லாது.

காட்டுப்பன்றியும் குளம்புக்காலிதான், ஆனால் அசை போடாத சாதி. மண்ணைக் கிளறி விட்டு முளைப்புக்கு உதவும். அதே வாயால் விதையைக் கடித்து நொறுக்கவும் செய்யும். காடு அதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறதோ, மரவள்ளியும் சோளமும் போட்ட அடிவார விவசாயி வைத்திருப்பது ஒரே கணக்கு. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு வரையறை கொண்டுவந்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம். சேர்வராயன் அடிவாரத்து ஊர்கள் பலவும் காட்டு எல்லையை ஒட்டியே இருக்கின்றன. பன்றித் தொல்லை அதிகம் உள்ள அந்த ஊர்களுக்கு இந்த விதியால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

மாட்டிடம் திரும்புவோம்.

நன்கு வளர்ந்த காளை 1,000 கிலோ வரை எடை போடும், திமில் உயரம் ஆறடியைத் தொடும். அந்த உடம்புக்கு தினமும் மூட்டை மூட்டையாகப் புல்லும் தழையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். சரிவுகளில் உண்ணிச்செடி மூடிவிட்டது. ஓடைகள் மாசி பங்குனியிலேயே வற்றிவிடுகின்றன. மிச்சம் என்ன? காபித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி இந்த மலைக்கு வந்தது. காபிக்கு நிழல் வேண்டும் என்பதால் மரங்களை முழுதாக வெட்டவில்லை. மேலே மரக்கூரை, கீழே களை எடுத்துத் திறந்துவிட்ட தரை, வரிசை நடுவே இளம்புல், கோடையிலும் நீர் நிற்கும் தொட்டி, வைகாசி ஆனியில் கீழே விழுந்து வெடிக்கும் பலாப்பழம். மனிதர் பார்வையில் அது பட்டா நிலம், வேலி போட்ட எஸ்டேட். மாட்டின் பார்வையில், பழைய காடு இருந்த மாதிரியே இன்னும் இருக்கிற ஒரே இடம். அது காட்டை விட்டு வெளியே வரவில்லை. காட்டுக்குள் வருவதாகத்தான் நினைத்து வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சேர்வராயனில் இப்போது புலி இல்லை. வளர்ந்த காட்டுமாட்டை அடிக்கக்கூடிய விலங்கு புலி ஒன்றுதான். சிறுத்தை வந்தால் கன்றுக்குட்டிதான் ஆபத்தில். முன்பெல்லாம் மந்தைகளைக் கட்டுக்குள் வைத்த இன்னொன்று வெக்கை நோய். நாட்டு மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குத் தொற்றி, 1968இல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் மந்தை மந்தையாகக் கொன்ற நோய் அது. தடுப்பூசியால் அது ஒழிந்தது. 2011இல் உலகம் முழுக்க ஒழிந்ததாக அறிவித்தார்கள். கோமாரி இன்னும் இருக்கிறது. காட்டோர ஊரில் பசுவுக்குக் கோமாரி ஊசி போடுவது பால்காரரின் சொந்த விஷயம் மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று காலை அந்தக் காளை எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. மெதுவாகத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி. சுற்றுலா வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு 'போஸ் கொடுக்குது' என்று போனை எடுக்கிறார்கள். காளையின் மொழியில் அது அளவைக் காட்டுவது: நான் எவ்வளவு பெரியவன் பார், ஒதுங்கு. எதிராளி காளையாக இருந்தால் ஒதுங்கிவிடும், சண்டை வராது. போனை நீட்டிக்கொண்டு பத்தடி முன்னே போகிறவரை அது எப்படிப் புரிந்துகொள்ளும்? காவல்காரர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிடத்தில் மாடு 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு, முள்கம்பி வேலியை வாசற்படி தாண்டுவது போலத் தாண்டிப் போனது. போன வழியில் நாலைந்து காபிச் செடி முறிந்து கிடந்தது. தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம்.

அது நின்ற இடத்தில் சாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் தொட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைக் கிளறிக்கொண்டிருந்தது ஒரு காட்டுக்கோழிச் சேவல். வண்டும் புழுவும் செரிக்காத விதையும் அதற்கு அங்கே காலைச் சாப்பாடு.

தமிழ்நாட்டுக் காட்டுக்கோழி சாம்பல் நிறக் கோழி. வடக்கே இருக்கும் சிவப்புக் காட்டுக்கோழி இங்கே கிடையாது. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டியது போல வெண்மையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளி. குறுந்தொகை கானங்கோழிச் சேவலை 'ஒண்பொறி எருத்து' உடையது என்கிறது. ஒளிவிடும் புள்ளி கொண்ட கழுத்து. சிவப்புக் கோழிக்கு இந்தப் புள்ளி இல்லை. பாடியவர் நன்றாக உற்றுப் பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் இதே புள்ளிக்கு ஐரோப்பாவில் வேறொரு மதிப்பு வந்தது. சால்மன் மீனை ஏமாற்றும் செயற்கைப் பூச்சித் தூண்டிலில் கட்ட இந்தக் கழுத்து இறகுதான் சிறந்தது என்று கண்டார்கள். அதற்காக ஏராளமான சேவல்கள் செத்தன.

வீட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கு, மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வரவில்லை, நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரிந்தது. 1996 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லில், பண்ணைக் கூண்டுகளில் முட்டையிடும் வெள்ளைக் கோழிகளின் கால் என்ன நிறம் என்று அடுத்த முறை பாருங்கள். மஞ்சள். அன்று சாணியைக் கிளறிய சேவலின் இனம் என்றைக்கோ தந்த சீர்.

பறவைகளுக்கும் குளம்புக்கும் இப்படிச் சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல் நிறைய. மந்தை நடக்கும்போது காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைக் கரிச்சானும் மைனாவும் பிடிக்கும். உண்ணிக்கொக்கு உண்ணியைப் பொறுக்கத்தான் மாட்டோடு திரிகிறது என்று பெயர் வைத்துவிட்டோம். அதுவும் பெரும்பாலும் குளம்பு கிளப்பும் பூச்சிக்காகத்தான் போகிறது.

இனி சில்வர் ஓக். காபி நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வேகமாக வளரும், நேராக நிற்கும், மிளகு ஏற்ற வசதி, வெட்டி விற்கவும் சுலபம். அதன் பூவில் தேன் இருக்கிறது, தேன்சிட்டு வரும். ஆனால் பழம் என்று ஒன்று கிடையாது. காற்றில் பறக்கும் காய்ந்த விதைதான். பழைய நிழல் மரங்களான அத்தி, இச்சி, ஆல், பலா போய் அந்த இடத்தில் சில்வர் ஓக் வரிசை நின்றால், மேலே இருந்து பார்த்தால் அதே பச்சைக் கூரைதான். குக்குறுவானுக்கு மட்டும் அது கடையடைத்த தெரு. ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு அத்தி பழுத்துக்கொண்டிருக்கும் மலையில் பழந்தின்னிகளுக்குப் பஞ்சம் வராது. அத்தி இல்லாத இடத்தில், பெரும்பாலான மாதங்களில் பழம் வைத்திருக்கும் செடி எது? உண்ணிச்செடி. நாமே மெனுவைச் சுருக்கிவிட்டு, சின்னான் அதையே தின்கிறது என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அதனால்தான் வேலியும் அகழியும் மட்டும் போட்டு மாட்டை நிறுத்திவிடலாம் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்லது. ஆனால் உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால், அடுத்த மழைக்குள் சின்னான் மறுபடி விதைத்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் உடனே நாட்டுப் புல்லைப் பிடிக்க வைக்க வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு விடாமல் முளையைக் கிள்ள வேண்டும். கூடவே தோட்டத்துக்குள்ளும் அடிவாரத்திலும் பறவை உட்கார்ந்து வேறு விதை போட ஓர் அத்தியோ ஆலோ நிற்க வேண்டும். சரிவில் புல் வந்தால் மாட்டுக்கு இரவு ஷிஃப்டில் தோட்டத்துக்கு வரும் அவசியம் குறையும். வரவே வராது என்று சொல்லமாட்டேன். பலாப்பழ வாசனையை எந்தக் கொள்கையாலும் தடுக்க முடியாது.

திரும்பி வரும்போது காவல்காரர் ஒரு சில்வர் ஓக்கைக் காட்டினார். பத்தடி உயரத்தில், கிளை பிரியும் கவட்டையில், ஒரு முழ நீளத்துக்கு இச்சிக் கன்று. குக்குறுவான் எச்சம் போட்டு முளைத்தது. வேர் நூல் போலத் தண்டைச் சுற்றி இறங்கத் தொடங்கியிருந்தது. விட்டால் சில பத்தாண்டுகளில் சில்வர் ஓக்கையே நெரித்துவிடும்.

"முதலாளி பறிச்சுப் போடச் சொன்னாரு," என்றார்.

"நீங்க?"

"ஏணி எடுத்துட்டு வரணும். பாக்கலாம்."

ஏணி பக்கத்துக் கொட்டகையிலேயே சாய்த்து வைத்திருந்தது.